வீட்டில் ஃபைபர் நீச்சல் குளம்: திண்டுக்கல் பக்கம் போட்டால் எவ்வளவு ஆகும்? கொட்டேஷனில் வராத செலவுகள் என்னென்ன?

திண்டுக்கல்லைச் சுற்றி நத்தம் ரோடு, வத்தலக்குண்டு ரோடு, வேடசந்தூர் பக்கம் தோட்ட வீடு கட்டுகிறவர்கள் இப்போது கேட்கும் கேள்விகளில் ஒன்று இது. கிணற்றிலும் மோட்டார் ரூம் தொட்டியிலும் குதித்து நீச்சல் பழகிய ஊர்தான். ஆனால் கிணறு வற்றிப்போய், தொட்டியும் சின்னதாகிவிட்ட நிலையில், "ஒரு ஃபைபர் குளம் இறக்கிட்டா வேலை முடிஞ்சுது" என்ற பேச்சு பலருக்கும் ஆசையைக் கிளப்புகிறது. ஒரே நாளில் கிரேன் வந்து நீலக் கலர் குளத்தைக் குழியில் இறக்கும் வீடியோவைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

அந்த வீடியோவில் குழி எப்படி வந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்ட மாட்டார்கள். இந்தப் பக்கம் பட்ஜெட்டைத் தீர்மானிப்பதே அந்த இரண்டும்தான்.

எது உண்மையான ஃபைபர் குளம்?

முதலில் இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஃபேக்டரியில் அச்சில் வைத்து, கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்து, முழுத் தொட்டியாகவே வார்த்து லாரியில் கொண்டுவருவது ஒரு வகை. இதைத்தான் ஷெல் என்கிறார்கள். கான்கிரீட்டில் குளம் கட்டிவிட்டு, உள்பக்கம் மட்டும் ஃபைபர் பூச்சு அடிப்பது இன்னொரு வகை. இரண்டையும் "ஃபைபர் பூல்" என்றே விற்கிறார்கள். இரண்டாவது வகையில் கான்கிரீட், கம்பி, கொத்தனார் கூலி எல்லாம் தனி. விலை குறைவாகச் சொல்கிறார்களே என்று சந்தோஷப்படும் முன், சொன்னது எந்த வகைக்கு என்று கேளுங்க.

பட்ஜெட் எவ்வளவு வைக்கலாம்?

20 அடி நீளம், 10 அடி அகலம், சராசரி நாலரை அடி ஆழம். ஒரு குடும்பத்துக்கு இது போதும். இந்த அளவுக்கு ஷெல், பம்ப், ஃபில்டர் எல்லாம் சேர்த்துத் தோராயமாக 5 முதல் 8 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். நிறுவனத்துக்கு நிறுவனம், ஷெல்லின் தடிமனுக்குத் தகுந்தபடி இது மாறும். குழி, கிரேன், சுற்றிலும் கான்கிரீட் பெல்ட், டைல்ஸ், வயரிங் எல்லாம் முடியும்போது 10 லட்சத்தைத் தாண்டிவிடும். ஒப்பந்த வேலைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 8 லட்சம் என்றால் வரி மட்டுமே 1 லட்சத்து 44 ஆயிரம். சொன்ன விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்பதைக் கடைசியில் கேட்டால் தலை சுற்றும்.

பேரிலேயே கல் இருக்கும் ஊர்

இந்த அளவு ஷெல்லுக்குச் சுற்றிலும் இடம் விட்டு 22-க்கு 12 அடி, ஐந்தரை அடி ஆழத்தில் குழி வேண்டும். அதாவது 1,452 கன அடி. நம்ம ஊர் கணக்கில் பதினாலரை யூனிட் மண். வெட்டி எடுத்த மண் உப்பிவிடும் என்பதால் அள்ளிக் கொட்டும்போது இன்னும் கூடுதலாகவே வரும்.

செம்மண்ணாக இருந்தால் ஜேசிபி ஒரே நாளில் முடித்துவிடும். சரளை என்றாலும் சமாளிக்கலாம். மூன்றடியில் பாறை தட்டினால்தான் சிக்கல். திண்டுக்கல் சமவெளியில் இது ரொம்ப சாதாரணம். பிரேக்கர் வைத்த வண்டியை மணிக்கணக்கில் ஓட்ட வேண்டியிருக்கும், அதன் வாடகையும் அதிகம். வீடுகளுக்கு நடுவே வெடி வைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதற்கு உரிமம் வேண்டும், பக்கத்து வீட்டுச் சுவரும் தாங்காது.

பெரும்பாலான கொட்டேஷன்களில் "பாறை வந்தால் தனி" என்று ஒரு வரி இருக்கும். மொத்த பேப்பரிலும் விலை அதிகமான வரி அதுதான். அட்வான்ஸ் கொடுக்கும் முன் குளம் வரும் இடத்தில் இரண்டு மூலைகளில் ஆறடிக்குச் சோதனைக் குழி தோண்டிப் பார்த்துவிடுவது நல்லது. காம்பவுண்ட் சுவரை ஒட்டித் தோண்டினால் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்கு ஆபத்து என்பதால், வரைபடத்தில் குளத்தையும் காட்டி மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ அனுமதி விவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்க.

லாரி உள்ளே வருமா?

சாதாரண லாரிக்குச் சட்டப்படி அகலம் 2.6 மீட்டர். பத்தடி அகல ஷெல் மூன்று மீட்டருக்கு மேல். சாய்த்து வைத்துத்தான் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் அதிக அளவு சரக்குக்கான அனுமதி வாங்க வேண்டும். தோட்ட வீடு என்றால் வண்டிப்பாதை, டவுனுக்குள் என்றால் சந்து, மேலே போகும் மின் கம்பி என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் பின்பக்கம் குளம் என்றால் மாடியைத் தாண்டித் தூக்கும் பெரிய கிரேன் தேவைப்படும், வாடகையும் அதற்கேற்ப ஏறும்.

25,000 லிட்டர் தண்ணீர்

இந்தக் குளம் நிறைய 25,000 லிட்டருக்கு மேல் வேண்டும். 12,000 லிட்டர் டேங்கரில் இரண்டு லோடு போட்டும் கொஞ்சம் குறையும். நிமிடத்துக்கு 30 லிட்டர் தரும் போரில் எடுத்தால் 14 மணி நேரம். பாறைப் பகுதி போர் அவ்வளவு நேரம் விடாமல் ஓடாது. ஓடினாலும், பாறை இடுக்கில் வரும் அதே ஊற்றுதான் பக்கத்துத் தோட்டத்து போருக்கும் போகிறது. குளத்துக்கு ஆசைப்பட்டுப் பக்கத்துக்காரரோடு சண்டை வந்தால் அந்தச் செலவுக்குக் கணக்கே கிடையாது.

திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் ஆத்தூர் காமராஜர் அணை, பேரணை, காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று தூரத்திலிருந்து வருகிறது. அந்தக் குழாய் தண்ணீரைக் குளத்தில் விடுவது சரியே இல்லை. 2024 மார்ச்சில் பெங்களூருவில் தட்டுப்பாடு முற்றியபோது, நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்த அந்த நகரக் குடிநீர் வாரியம் தடை போட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம்.

போர் தண்ணீரிலும் ஒரு தொல்லை உண்டு. உப்பும் கடினத்தன்மையும் அதிகம் என்றால் நீர்மட்டக் கோட்டில் வெள்ளைப் படலம் படியும், ஃபில்டர் அடைக்கும். தோல் பதனிடும் தொழில் நடந்த பகுதிகளில் நிலத்தடி நீர் எப்படியிருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதலில் தண்ணீரை டெஸ்ட் பண்ணிவிட்டு அப்புறம் குளத்தைப் பற்றி முடிவு எடுக்கலாம்.

காலியாக விட்டால் மிதக்கும்!

இது பலருக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கண்மாய், குளத்தை ஒட்டிய நிலங்களில் நிலத்தடி நீர் மேலே வரும். அந்த நேரம் சுத்தம் பண்ணுகிறோம் என்று தண்ணீரை முழுக்க வடித்துவிட்டால், ஷெல் கப்பல் மாதிரி மேலே எழும்பிவிடும். ஷெல்லின் எடை ஒரு டன்கூடத் தேறாது. வெளியே தண்ணீர் விளிம்பு வரை நின்றால் கீழிருந்து தள்ளும் விசையோ 25 டன் வரை போகும். டைல்ஸ், பைப் எல்லாம் பெயர்ந்துவிடும். அதனால் குழிக்கு அடியில் தேங்கும் நீரை இறைக்க ஒரு குழாய் வைக்கச் சொல்லுங்க. சுற்றியுள்ள இடைவெளியைச் சின்ன ஜல்லியால் நிரப்பும்போதே உள்ளேயும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே வர வேண்டும். இல்லையென்றால் ஷெல்லின் பக்கவாட்டு உள்ளே அமுங்கும்.

மாசச் செலவு

1 எச்.பி பம்ப் தினம் 6 மணி நேரம் ஓடினால் குறைந்தது நாலரை யூனிட். இரண்டு மாத பில்லில் 270 யூனிட் கூடும். ஏற்கெனவே 300 யூனிட் ஓடும் வீடு 500-ஐத் தாண்டிவிடும், அங்கே கட்டண விகிதமே மாறும். தோட்டத்து இலவச விவசாய இணைப்பில் குளத்து மோட்டாரை ஓட்டுவது விதிமீறல். வார இறுதியில் வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், வீட்டு இணைப்பும் போதாது.

கோடை வெயிலில் தினம் 6 மில்லிமீட்டர் ஆவியானாலே 110 லிட்டர் போச்சு. மாதம் 3,300 லிட்டர். ஃபில்டரைக் கழுவும் தண்ணீர் தனி. மேலே மூடி போட்டால் இது பெருமளவு குறையும், குளோரினும் வெயிலில் சீக்கிரம் போகாது. குளோரின் 1 முதல் 3 பிபிஎம், பிஎச் 7.2 முதல் 7.8 இருக்க வேண்டும். டெஸ்ட் கிட் வாங்கி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

வேலி இல்லாமல் வேண்டாம்

கொட்டேஷனில் பெரும்பாலும் இல்லாத கடைசி ஐட்டம் வேலி. சின்னக் குழந்தை மூழ்கச் சில நிமிடங்களே போதும், சத்தமும் வராது. குளத்தின் நான்கு பக்கமும் குழந்தை ஏற முடியாத நாலடி வேலி, தானாக மூடிக்கொள்ளும் கேட், எட்டாத உயரத்தில் கொண்டி. தோட்ட வீட்டை வாரக்கணக்கில் பூட்டிவிட்டு டவுனுக்கு வருகிறவர்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் நினைத்து இந்தச் செலவை முதலிலேயே சேர்த்துவிட வேண்டும். கேட்டுக்கு நல்ல பூட்டு வாங்க திண்டுக்கல்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை.