எலும்பைக் காக்கும் வைட்டமின் கல்லை வளர்க்குமா?

வைட்டமின் டி எலும்புக்கு உறுதி தருகிறது என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். அதே வைட்டமின் சிறுநீரகத்தில் கல் உண்டாகவும் காரணமாகுமா? இக்கேள்விக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு.

முதலில் அதன் பணியைப் பார்ப்போம். உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு வைட்டமின் டி துணை செய்கிறது. அது அளவு கடந்தால் இரத்தத்தில் கால்சியம் மிகும். மிகுந்த கால்சியம் சிறுநீரில் இறங்கி, ஆக்சலேட்டுடன் கூடிப் படிகமாகலாம். அப்படிகம் வளர்ந்தால் அதுவே கல்.

கால் எலும்புகளை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயை மீன் எண்ணெய் தடுக்கும் என்பதை 1919-இல் இங்கிலாந்தில் எட்வர்டு மெல்லன்பி நாய்க்குட்டிகளைக் கொண்டு கண்டறிந்தார். அந்த எண்ணெயில் இருப்பது ஒரு தனிச்சத்து என்று அமெரிக்கரான மெக்காலம் 1922-இல் காட்டினார். அதுவே வைட்டமின் டி.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னரும், பிரிட்டனில் குழந்தைகளின் பால் மாவிலும் தானிய உணவிலும் இச்சத்தைச் சேர்த்தார்கள். மீன் எண்ணெயும் கொடுத்தார்கள். தனித்தனியே ஒவ்வொன்றும் நல்லதுதான். மொத்தக் கணக்கு என்ன ஆயிற்று? 400 அலகு போதுமான குழந்தைக்கு நாளொன்றுக்கு 4,000 அலகு வரை சேர்ந்துவிட்டது! 1950-களில் சில குழந்தைகள் வாந்தியெடுத்து, மலச்சிக்கலால் வருந்தி, எடை ஏறாமல் மெலிந்தன. அவற்றின் இரத்தத்தில் கால்சியம் மிகுந்திருந்தது. சிலவற்றின் சிறுநீரகத்திலும் அது படிந்தது. 1957-இல் உணவில் சேர்க்கும் அளவு குறைக்கப்பட்டது.

அதே உணவை உண்ட பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் நேரவில்லை. ஏன்? 2011-இல் ஒரு விளக்கம் கிடைத்தது. வைட்டமின் டி-யைச் சிதைத்து அகற்றும் நொதி ஒன்று நம் உடலில் உண்டு. அதற்குரிய மரபணு பழுதானவர்களுக்கு, பிறருக்கு ஏற்ற அளவே மிகையாகிவிடும். பின்னர் சிறுநீரகக் கல்லால் துன்புறும் பெரியவர்கள் சிலரிடமும் இப்பழுது காணப்பட்டது.

மற்றவர்கள் நிலை என்ன? அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. நாளும் 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 அலகு வைட்டமின் டி-யும் பெற்றவர்களிடம் கல் 17 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஆனால் நியூசிலாந்தில் மாதந்தோறும் 1,00,000 அலகு வைட்டமின் டி மட்டும் பெற்றவர்களிடம் கல் மிகவில்லை என்று 2019-இல் தெரிந்தது. எனவே குற்றத்தை வைட்டமின் டி ஒன்றின் மேலேயே சுமத்திவிட முடியாது.

பால் மாவு, சத்து மாவு, மாத்திரை என எதை வாங்கினாலும் அதன் மேலுள்ள அளவைப் படியுங்கள். எல்லாவற்றையும் கூட்டியும் பாருங்கள். உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ கல் வந்திருந்தால், மாத்திரை தொடங்குமுன் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.