அறியேன் என்று தொடங்கிய அறிஞர்

நம் உள்ளத்தில் எழும் அச்சத்தையும் துயரத்தையும் நாமே உணர்கிறோமே, அவ்வுணர்தல் எங்கே நிகழ்கிறது? இவ்வினாவிற்குத் துணிந்து விடை கூறியவர் பிரெஞ்சு மெய்யியலார் தெக்கார்த்து. உருவமற்ற ஆன்மா உடலை அசைப்பது எங்ஙனம் என்று 1643-இல் பொகேமிய இளவரசி எலிசபெத் அவரிடம் மடல் வழியே வினவினார். (அக்கேள்வியின் கூர்மை இன்றும் மழுங்கவில்லை என்பது நம் கருத்து.) அம்மடல் தொடர்பிலே கருக்கொண்டு 1649-இல் வெளிவந்தது, ஆன்மாவின் உணர்ச்சிகள் பற்றிய அவரது நூல். மூளையின் பிற உறுப்புகள் இரட்டையாயிருக்க, கூம்புச் சுரப்பி ஒன்றே தனித்திருப்பதால் அதுவே ஆன்மாவின் சிறப்பிடம் என்றார் அவர். நுண்ணிய ஆவிகள் அச்சுரப்பியை அசைக்க, ஆன்மா அச்சத்தை உணருமாம்.

1665-இல் பாரிசில், தெவனோ என்பவரின் இல்லத்தில் கூடிய அறிஞர் அவையில் தென்மார்க்கு நாட்டு இளைஞர் நீல்ஸ் ஸ்டென்சன் உரையாற்றினார். முப்பது வயதும் நிரம்பாதவர்; லூத்தரன் சபையினர். இதயம் வெறும் தசையே என்று முன்னரே எடுத்துக்காட்டியவர். உணர்ச்சிகளின் அரியணையென்று புலவர் பாடிய உறுப்பையே அறுத்துப் பார்த்த அந்தக் கை, இப்போது மூளையைத் தொட்டது. மூளையைப் பற்றித் தமக்கு எதுவும் தெரியாது என்று கூறியே அவர் பேச்சைத் தொடங்கினார். தெக்கார்த்தின் அறிவை மதித்தார். ஆயினும் அச்சுரப்பி சூழவுள்ள பகுதிகளோடு பிணைந்திருப்பதால், அவர் எண்ணியவாறு அங்குமிங்கும் சாய இயலாது என்று காட்டினார். நரம்பிழைகளை மூளைக்குள் பின்தொடர்ந்து செல்வதே சரியான வழி என்றும் அறிவுறுத்தினார்.

இதனால் ஆன்மா தன் இருக்கையை இழந்ததா? இல்லை. நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே புனித தோமா அக்குவினார், ஆன்மா படகோட்டிபோல் உடலின் ஒரு மூலையில் அமர்ந்திருப்பதில்லை, முழு உடலுக்கும் அதுவே உயிர்வடிவம் என்றும், உடல் மாற்றமின்றி உணர்ச்சி இல்லை என்றும் கற்பித்திருந்தார். மனச்சோர்வுக்கு மருந்து உண்பது விசுவாசக் குறைவு என்று அஞ்சுவோர் நம் பங்குகளில் உளர். அவர்கள் அறிய வேண்டிய படிப்பினை இது.

பின்னாளில் ஆய்வு வெகுதூரம் சென்றது. நாம் அறியாத வேகத்தில் காட்டி மறைக்கப்படும் அச்சமுற்ற முகத்திற்கும் மூளையின் அமிக்டலா பகுதி எதிர்வினை காட்டுவதாக 1998-இல் ஓர் ஆய்வு கூறியது. அச்சத்திற்கான எதிர்வினை வேறு, 'நான் அஞ்சுகிறேன்' என்னும் உணர்வு வேறு. முன்னது பின்னதாக மாறுவது எவ்வாறு என்பதில் அறிவியலார் இன்னும் உடன்பாடு எட்டவில்லை.

ஸ்டென்சன் 1667-இல் ஃபுளோரன்சில் கத்தோலிக்கரானார். 1675-இல் குருவாகவும், 1677-இல் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.