வெந்நீருக்கு உரியவர் யார்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் ஆர்க்கன்சா என்றொரு மாநிலம் உண்டு. அங்கே வாஷிட்டா மலைகளுக்கிடையே அமைந்த சிறு நகரம் ஹாட் ஸ்பிரிங்ஸ். வெந்நீர் ஊற்றுகள் என்பதே அப்பெயரின் பொருள். நகரின் நடுத்தெருவில் ஒரு பக்கம் கடைவீதி. மறுபக்கம் வரிசையாக எட்டு நீராட்டு மாளிகைகள். அவற்றின் முதுகை ஒட்டி எழும் மலைச்சரிவில் 47 வெந்நீர் ஊற்றுகள். தேசியப் பூங்கா என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன அடர்ந்த காடும் கொடிய விலங்குமே. இப்பூங்காவோ ஊருக்குள்ளேயே கிடக்கிறது. 2018-ஆம் ஆண்டு வரை அந்நாட்டின் தேசியப் பூங்காக்களுள் பரப்பில் மிகச் சிறியது என்ற பெயரும் இதற்கே இருந்தது. எனினும் இதன் வரலாறு சிறியதன்று. இயற்கை வழங்கிய நீர் யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு ஒரு நாடு இருநூறாண்டுகளாக விடை தேடிய வரலாறு அது.

நீரின் பயணம்

இவ்வூற்றுகள் எரிமலையால் சூடேறியவை அல்ல. சுற்றியுள்ள மலைகளில் பெய்யும் மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மெல்ல மெல்லக் கீழிறங்குகிறது. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி ஆழம் வரை சென்று, பூமியின் உள்வெப்பத்தால் சூடேறி, பின்னர்ப் பாறைப் பிளவு ஒன்றின் வழியாக விரைந்து மேலெழுகிறது. விரைந்து எழுவதாலேயே சூடு ஆறுவதில்லை. வெளிவரும் நீரின் வெப்பம் ஏறத்தாழ 143 பாகை ஃபாரன்ஹீட், அதாவது 62 பாகை செல்சியஸ். கரிமக் கதிரியக்க முறையால் ஆராய்ந்தோர், இந்நீரில் பெரும்பகுதி 4,400 ஆண்டுகளுக்கு முன் மழையாகப் பெய்தது எனக் கணித்துள்ளனர். எகிப்து நாட்டில் பெரும் பிரமிடுகள் எழுந்த காலத்தை ஒட்டிப் பெய்த மழையில் இன்றைய மனிதன் நீராடுகிறான்!

மண்ணின் மைந்தர்

ஐரோப்பியர் வருமுன்பே இம்மலைகளைப் பழங்குடி மக்கள் நன்கு அறிந்திருந்தனர். இங்குக் கிடைக்கும் நோவாகுலைட் என்னும் உறுதியான கல்லை வெட்டியெடுத்து அம்புமுனைகளும் கருவிகளும் செய்தனர். பகைகொண்ட குலத்தாரும் இப்பள்ளத்தாக்கில் படைக்கலம் துறந்து ஒன்றாக நீராடினர் என்றொரு கதை வழங்குகிறது. ஸ்பெயின் நாட்டு டி சோட்டோ 1541-இல் இங்கு வந்தான் என்றும் கூறுவர். இரண்டிற்கும் உறுதியான சான்று இல்லை. மெய்யாக நாம் அறிவது வேறு. 1803-இல் லூசியானா நிலப்பரப்பைப் பிரான்சிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கியது. மறு ஆண்டு டிசம்பரில், குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் அனுப்பிய டன்பார், ஹன்டர் ஆகிய இருவரும் இங்கு வந்து நீரின் வெப்பத்தை அளந்தனர். 1818-இல் குவாப்பா மக்கள் உடன்படிக்கை ஒன்றின் மூலம் இந்நிலத்தைக் கைவிட நேர்ந்தது. இன்று ஒரு நீராட்டு மாளிகையின் பெயரில் அவர்கள் நினைவு அங்கே நிற்கிறது.

சட்டமும் வழக்கும்

1832-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள், ஊற்றுகளையும் சுற்றியுள்ள நான்கு சதுர மைல் நிலத்தையும் தனியார்க்கு விற்காமல் அரசுக்கென ஒதுக்கும் சட்டத்தில் ஆண்ட்ரூ ஜாக்சன் கையொப்பமிட்டார். முதல் தேசியப் பூங்கா எனப் புகழப்படும் எல்லோஸ்டோன் அமைந்ததோ 1872-இல்தான். அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே, இயற்கையின் கொடை ஒன்று தனியார் உடைமையாகலாகாது என்னும் எண்ணம் இங்கே சட்டமாயிற்று.

சட்டம் இயற்றினர், எல்லைக்கல் நடவில்லை. காவலரையும் அமர்த்தவில்லை. ஆதலால் முன்னரே குடியேறியோரும் பின்னர் வந்தோரும் ஊற்றுகளைத் தமதென்றனர். மரக்கொட்டகைகள் கட்டிக் காசு வாங்கினர். ஆர்க்கன்சாவின் ஆளுநராக இருந்த ஹென்றி ரெக்டரும் உரிமை கோரியவருள் ஒருவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1876-இல் ஊற்றுகள் அரசுக்கே உரியவை என்று தீர்ப்பளிக்கப்பட்டது. ஏட்டில் இருந்த சட்டம் நடைமுறைக்கு வர நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

தீர்ப்பால் வழக்கு முடிந்தது, வினா முடியவில்லை. மலைச்சரிவில் திறந்த குழிகளில் ஏழை நோயாளிகள் காசின்றி நீராடி வந்தனர். அரசு பொறுப்பேற்றதும் அவர்களது குடிசைகள் அகற்றப்பட்டன. பொதுவுடைமை என்று காக்கப்பட்ட நீரிலிருந்து பொருளற்றவனே முதலில் விலக்கப்பட்டான் என்பது எண்ணத்தக்கது. எதிர்ப்பு எழுந்தது. 1878-இல், வறியோர்க்கு இலவச நீராட்டு இடம் அமைக்க வேண்டும் என நாடாளுமன்றம் விதித்தது. அதன்படி எழுந்த அரசினர் இலவச நீராட்டு நிலையம் பல்லாண்டுகள் எண்ணற்ற ஏழைகளுக்குப் பயன்பட்டது.

மாளிகைகளின் காலம்

1880களில் பள்ளத்தாக்கின் ஓடையைக் கல்வளைவால் மூடி, அதன்மேல் அகன்ற வீதி அமைத்தனர். அரசு நீரைத் தன் உரிமையில் வைத்துக்கொண்டு, மாளிகை கட்டித் தொழில் நடத்தும் உரிமையைத் தனியார்க்குக் குத்தகைக்கு விட்டது. இன்று நிற்கும் எட்டு மாளிகைகளும் 1892 முதல் 1923 வரை எழுந்தவை. அவற்றுள் தலைசிறந்தது 1915-இல் திறக்கப்பட்ட ஃபோர்டைஸ். வண்ணக் கண்ணாடிக் கூரை, சலவைக்கல் சுவர், உடற்பயிற்சிக் கூடம், இசையறை என யாவும் அதில் உண்டு. டி சோட்டோவுக்குப் பழங்குடி மங்கை ஒருத்தி நீர் வழங்குவதாக ஆடவர் கூடத்தில் சிலை வைத்துள்ளனர். வரலாறு உறுதிசெய்யாததைச் சிற்பி உறுதிசெய்துவிட்டான்!

வாதநோயர், தோல்நோயர், மேகநோயர் எனப் பலரும் மருத்துவர் எழுதிக்கொடுத்த முறைப்படி நாள்தோறும் நீராடினர். நோயாளரைப் புகைவண்டியிலேயே மடக்கிப் பிடித்துத் தம் மருத்துவரிடம் இழுத்துச் செல்லும் தரகர் கூட்டமும் பெருகியது. அதனை அடக்க 1904-இல் தனிச்சட்டம் தேவைப்பட்டது. 1921-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் இவ்விடம் தேசியப் பூங்கா எனப் பெயர் பெற்றது.

தொட்ட கை, தொடாத நீர்

இம்மாளிகைகளின் பளபளப்பில் மறைந்து கிடக்கும் செய்தி ஒன்று உண்டு. தொட்டியில் நீர் நிரப்பியவர், முதுகு தேய்த்தவர், சூடான துணி சுற்றியவர், தள்ளாடும் நோயாளியைத் தாங்கிப் பிடித்தவர் பெரும்பாலும் கறுப்பின மக்கள். அவ்வுழைப்பாளர் அதே தொட்டியில் இறங்கி நீராட இயலாது. இனப்பிரிவினை அவர்களைத் தடுத்தது. நீரில் உயர்வு தாழ்வு கற்பித்தல் நம்மவர் அறியாத கொடுமையன்று. ஆதலின் இச்செய்தி நம் நெஞ்சைத் தைக்கிறது.

அம்மக்கள் அழுது ஓய்ந்துவிடவில்லை. தம் சங்கங்களின் மூலம் பொருள் திரட்டித் தமக்கென நீராட்டு நிலையங்கள் கட்டினர். 1914-இல் பித்தியன் நிலையம் எழுந்தது. 1920களின் தொடக்கத்தில் உட்மென் ஆஃப் யூனியன் என்னும் சங்கம் விடுதி, மருத்துவமனை, அரங்கம், நீராட்டுக் கூடம் அனைத்தும் அடங்கிய பெருங்கட்டடத்தையே எழுப்பியது. ஒரே மலையின் நீர்தான் இங்கும் பாய்ந்தது. நீருக்கு நிறபேதம் தெரியவில்லை, மனிதனுக்குத்தான் தெரிந்தது. 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்திற்குப் பின்னரே பிரிவினை சட்டத்தின் துணையை இழந்தது.

வீழ்ச்சியும் மீட்சியும்

அதற்குள் மாளிகைகளே தளரத் தொடங்கிவிட்டன. பெனிசிலின் முதலிய புது மருந்துகள் வந்தபின் நோய் தீர்க்க வெந்நீரை நாடுவோர் குறைந்தனர். ஃபோர்டைஸ் 1962-இல் மூடப்பட்டது. 1985-இன் இறுதியில், 1912 முதல் இடைவிடாது நடந்துவரும் பக்ஸ்டாஃப் ஒன்றே அவ்வரிசையில் எஞ்சியது. இடித்துத் தள்ளாமல் அரசு அவற்றைக் காத்தது. 1987-இல் இவ்வரிசை தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஃபோர்டைஸ் 1989 முதல் காட்சியகமாகவும் பயணியர் மையமாகவும் விளங்குகிறது. குவாப்பா 2008-இல் மீண்டும் நீராடுவோர்க்குத் திறக்கப்பட்டது.

இன்று அங்குச் செல்லும் பயணி திறந்த ஊற்றுகளை ஓரிரு இடங்களிலேயே காண்பான். நீர் மாசுபடாதிருக்க ஏனையவற்றை மூடிவைத்துள்ளனர். ஆயினும் தெருவோரத்தில் குழாய்கள் உண்டு. எவரும் குடத்தையோ புட்டியையோ கொண்டுவந்து ஆவி பறக்கும் நீரைக் காசின்றி நிரப்பிச் செல்லலாம். யார், எவர், என்ன நிறம் என்று கேட்பார் இல்லை.

மாளிகைகளைக் கண்டு வியந்து திரும்புவோர் அக்குழாயடியிலும் சற்று நின்று பார்த்தல் வேண்டும். 1832-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மெய்ப்பொருள் வண்ணக் கண்ணாடிக் கூரையின்கீழ் இல்லை, அக்குழாயடியில்தான் இருக்கிறது. ஒரு பொருளைப் பொதுவென்று எழுதிவைப்பது எளிது. அதனைப் பொதுவாகவே வழங்கக் கற்பதற்குத்தான் தலைமுறைகள் பல தேவைப்படுகின்றன.