காலராக் கிருமியை இனங்காணல்: கோக்கின் கல்கத்தா ஆய்விலிருந்து சென்னையின் ஓ139 வரை

நோயாளியின் மலத்தில் இயல்பாகவே வாழும் எண்ணற்ற பாக்டீரியாக்களுக்கிடையே நோயை விளைவித்தது எது என்று உறுதிசெய்ய ஆய்வகங்கள் கையாளும் முறைகள், ஒவ்வொன்றும் கிருமியின் ஏதேனும் ஒரு பண்பையே பற்றிக்கொண்டு முடிவுகூறுபவை. ஆதலால், எந்தப் பண்பு அடையாளமாக ஏற்கப்படுகிறதோ அதுவே அந்நோயின் எல்லையையும் காலப்போக்கில் வகுத்துவிடுகிறது. காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே என்னும் பாக்டீரியாவை இனங்கண்ட வரலாற்றில் இந்த உண்மை இருமுறை, இரு எதிர்த்திசைகளில் வெளிப்பட்டது.

இத்தாலியரான பிலிப்போ பாச்சினி 1854இலேயே காலராவில் இறந்தோரின் குடலில் வளைந்த நுண்ணுயிர்களைக் கண்டு எழுதியிருந்தும், உருவத்தை மட்டும் காட்டிய அச்சான்று அக்காலத்தவரை அசைக்கவில்லை. 1883இல் எகிப்துக்கும் அவ்வாண்டின் இறுதியில் கல்கத்தாவுக்கும் வந்த ராபர்ட் கோக்கிடம் பாச்சினிக்கு வாய்க்காத கருவி ஒன்று இருந்தது: ஜெலட்டின் கலந்து கெட்டியாக்கிய ஊடகத்தின் மேல் பாக்டீரியாக்களைத் தனித்தனிக் காலனிகளாக வளர்த்து, ஒரே இனம் மட்டும் அடங்கிய தூய வளர்ப்பைப் பிரித்தெடுக்கும் முறை. 1884இன் தொடக்கத்தில் அவர் பிரித்த கிருமி காற்புள்ளிபோல் வளைந்திருந்ததோடு, தன்னைச் சுற்றியுள்ள ஜெலட்டினை இளகச் செய்தது. ஆனால் எந்த விலங்குக்கும் அதைக் கொடுத்து மனிதரிடம் காண்பது போன்ற காலராவை வரவழைக்க அவரால் இயலவில்லை. அவருடைய வாதத்தில் நீண்டகாலம் எஞ்சிநின்ற இந்த இடைவெளியை, 1959இல் அதே கல்கத்தாவில், முயலின் குடற்பகுதியைக் கட்டி அதனுள் கிருமியின் வளர்ப்பு வடிநீரைச் செலுத்தி, நச்சின் செயலைக் காட்டிய சம்புநாத் டே நிரப்பினார் என்பது இந்திய மருத்துவ வரலாற்றில் இன்னும் உரத்துச் சொல்லப்படவேண்டிய செய்தி.

வளைந்த உருவம் போதிய அடையாளமன்று என்பது விரைவிலேயே தெரிந்தது. ஒத்த வடிவுடைய வேறு விப்ரியோக்கள் ஆற்றுநீரிலும் சாதாரண வயிற்றுப்போக்கிலும் கிடைத்தன. இவற்றைப் பிரித்தறிய 1896இல் மாக்ஸ் குரூபரும் ஹெர்பர்ட் டர்ஹாமும் வெளியிட்ட திரட்சிச் சோதனை வழிகாட்டியது. ஒரு கிருமியைச் செலுத்திய விலங்கின் இரத்தத்திலிருந்து பெறப்படும், எதிர்ப்பொருள்கள் நிறைந்த தெளிநீரே எதிர்ச்சீரம். அதை அதே வகைக் கிருமிகளின் கலங்கலோடு சேர்த்தால், கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கண்ணுக்குத் தெரியும் துகள்களாகத் திரளும். சில நிமிடங்களில் ஆம், அன்று என்று விடைதரும் இச்சோதனை அடுத்த நூறாண்டுக்குக் காலரா ஆய்வகங்களின் நடுவராக விளங்கியது.

அந்த நடுவரின் தீர்ப்பு முதலில் ஐயத்துக்குள்ளானது சினாய் தீபகற்பத்தின் எல்டோர் நோய்த்தடுப்பு முகாமில். 1905இல் அங்கு, காலரா அறிகுறி இல்லாமல் இறந்த ஹஜ் பயணிகளின் குடலிலிருந்து கோட்ஷ்லிக் பிரித்த விப்ரியோக்கள் காலரா எதிர்ச்சீரத்தோடு திரண்டன; ஆனால் மூல வகையைப் போலன்றி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்தன. சீரம் ஆம் என்றபோதும் அறிஞர்களிற் பெரும்பாலோர் அவற்றை உண்மைக் காலராவாக ஏற்கவில்லை. 1961இல் இந்தோனேசியாவின் சுலவேசியிலிருந்து புறப்பட்டு உலகெங்கும் பரவிய ஏழாம் பெருந்தொற்றுக்குக் காரணமாக இருந்தது இந்த எல்டோர் வகையே.

இதற்கிடையே வகைப்பாடும் வளர்ப்புமுறையும் செம்மையடைந்தன. கார்ட்னரும் வெங்கட்ராமனும் 1935இல், கிருமியின் மேலுறையிலுள்ள ஓ எனப்படும் எதிர்ப்பியின் அடிப்படையில் விப்ரியோக்களைக் குழுக்களாகப் பிரித்து, காலராக் கிருமியை முதற்குழுவில், அதாவது ஓ1இல், வைத்தனர். வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனோடு சேர்ந்து 1941இல் அளித்த, கடலுப்பும் பெப்டோனும் கலந்த காரத்தன்மையுள்ள நீர்மம், தொலைவிலுள்ள ஊர்களின் மல மாதிரிகளில் கிருமி மடியாமல் ஆய்வகம் வந்துசேர வழிசெய்தது. பின்னர் ஜப்பானில் உருவான டிசிபிஎஸ் ஊடகம், பித்த உப்பாலும் காரத்தாலும் குடலின் பிற பாக்டீரியாக்களை அடக்கி, சுக்ரோஸ் சர்க்கரையை அமிலமாக்கும் விப்ரியோ காலரேயை மஞ்சள் காலனிகளாகக் காட்டியது.

1992 அக்டோபரில் சென்னையில் தோன்றிய கொள்ளைநோய் இந்த முறைமை முழுவதையும் சோதித்தது. நோயாளிகளின் மலம் கஞ்சித்தண்ணீர் நிறத்தில் போயிற்று, உடல்நீர் வற்றியது. கிருமியின் மஞ்சள் காலனியும் உயிர்வேதிப் பண்புகளும் காலராவுக்கே உரியவை. ஆயினும் ஓ1 எதிர்ச்சீரத்தோடு அது திரளவில்லை. திரளாத விப்ரியோக்கள் ஆங்காங்கே சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்குமே தவிரக் கொள்ளைநோயாகப் பரவா என்பதே அதுவரை பாடநூல்கள் கற்பித்த கருத்து. நோய் வங்கக் கடற்கரையோரமாகக் கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவி, ஓ1க்கு எதிராகப் பெற்றிருந்த தடுப்பாற்றல் பயன்படாத பெரியவர்களையும் பெருமளவில் தாக்கியது. அறியப்பட்டிருந்த 138 ஓ குழுக்களின் எதிர்ச்சீரங்களுள் எதனோடும் திரளாத இக்கிருமி 1993இல் ஓ139 என்று எண்ணிடப்பட்டது. எல்டோர் நேர்வில் சீரம் சொன்னதை மனிதர் நம்ப மறுத்தனர். சென்னையில் மனிதர் நம்பிய சீரமே நோயைக் காணாது விட்டது.

விடை மரபணு ஆய்வில் கிடைத்தது. ஏழாம் பெருந்தொற்றின் எல்டோர் கிருமியே, தன் ஓ எதிர்ப்பியை ஆக்கும் மரபணுத் தொகுதியை இழந்து வேறொன்றைப் பெற்று இவ்வாறு மாறியிருந்தது. நச்சை உருவாக்கும் மரபணுக்கள் அப்படியே இருந்தன. நச்சு மரபணுவை நேரே தேடும் பிசிஆர், அதாவது குறித்த மரபணுத் துண்டைப் பன்மடங்காகப் பெருக்கிக் காட்டும் முறை, மேலுறை மாறினாலும் ஏமாறாது என்பதால் அதன் மதிப்பு உயர்ந்தது. ஆயினும், புரதங்களின் எடையை அளந்து நிமிடங்களில் இனத்தைச் சொல்லும் நிறைமாலைமானிகூட ஓ1 குழுவைப் பிற குழுக்களிலிருந்து நம்பகமாகப் பிரித்துரைக்காமையால், காலராவை உறுதிசெய்யும் ஆய்வகங்களில் எதிர்ச்சீரம் இன்றும் பயன்படுகிறது. அதன் அருகில் இப்போது ஓ139க்குரிய இரண்டாவது புட்டியும் வைக்கப்படுகிறது.