காலி விடுதியும் நடக்கிற கால்களும்

மலர்க் குழுச் செயலாளர் போன் செய்து, "உங்களுக்குத்தான் சரித்திரம் பிடிக்குமே, ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றார். கல்லூரியின் சரித்திரத்தை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது வேறு சரித்திரம். ஆனால் அதற்கும் நம்ம ஹாஸ்டலுக்கும் சம்பந்தம் உண்டு.

1973-இல் இறுதியாண்டு படித்தபோது நாங்கள் எட்டுப் பேர் கும்பக்கரையில் ஏற ஆரம்பித்து, வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு நடந்தே போனோம். அந்த எட்டில் இன்று இருப்பது ஐந்து பேர். போன வருஷம் ஐந்து பேருக்கும் மறுபடி ஒரு மலை ஏறிப் பார்க்க ஆசை வந்தது. ஒரு மலையேற்றக் குழுவுக்குப் போன் போட்டோம். "அறுபது தாண்டினவங்களைச் சேர்க்கிறதில்லை சார்" என்றான் ஒரு பையன், மரியாதையாகத்தான். தினம் எவ்வளவு தூரம் நடப்பீங்க, பிரஷர் இருக்கா என்று கேட்டிருக்கலாம். வயசை மட்டும் கேட்டான்.

அந்த வருத்தத்தில் புத்தகங்களைப் புரட்டினேன்.

1909 ஆகஸ்டில், ஜெர்மனியின் ஆல்ட்டெனா ஊர்ப் பள்ளி ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மான் தம் மாணவர்களைப் பல நாள் நடைப்பயணமாகக் கூட்டிப்போனார். வழியில் இடி, மழை. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். விடுமுறைக் காலமாதலால் வகுப்பறை காலி. வைக்கோலைப் பரப்பிப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். வாத்தியாருக்குத்தான் தூக்கம் வரவில்லை. விடுமுறையில் சும்மா பூட்டிக்கிடக்கும் பள்ளிகளை, நடந்து வரும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன என்று யோசனை. 1912-இல் ஆல்ட்டெனா கோட்டையிலேயே நிரந்தர விடுதி அமைந்தது. உலகமெங்கும் பரவிய யூத் ஹாஸ்டல்களுக்கு அதுதான் மூலம்.

எல்லாம் இளைஞருக்கு. முதியவர்கள்?

நடந்தவர்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற அம்மாள், பதினொரு பிள்ளை பெற்றவர், 1955-இல் தமது 67-ஆம் வயதில் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். 3,200 கிலோமீட்டருக்கு மேல், 146 நாள். காலில் கான்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை! முந்தின வருஷம் வழி தவறி, கண்ணாடி உடைந்து, திரும்பிப் போனவர் அவர். ஆனாலும் ஒருத்தர் ஒருத்தர்தானே. பத்துப் பேர் கூடிப் போக ஓர் ஏற்பாடு வேண்டாமா?

அதைச் செய்தவர் மார்ட்டி நோல்ட்டன். நாலு வருஷம் ஐரோப்பாவில் முதுகில் பையோடு நடந்து, யூத் ஹாஸ்டல்களில் தங்கித் திரும்பியவர். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் அவருடைய நண்பர் டேவிட் பியான்கோ, இந்த வளாகத்துக்கு வேண்டியது யூத் ஹாஸ்டல் இல்லை, எல்டர் ஹாஸ்டல் என்று சொன்னாராம். பேர் அப்படியே நிலைத்தது. 1975 கோடையில் அந்த மாநிலத்தின் 5 கல்லூரிகளில் 220 பேர் வந்தார்கள். மாணவர் அறையிலேயே தங்கல், மாணவர் மெஸ்ஸிலேயே சாப்பாடு. வகுப்பு உண்டு, பரீட்சை கிடையாது. (நமக்கு அப்போது இது கிடைக்கவில்லையே!) 1980-க்குள் 50 மாநிலங்களிலும் பரவிவிட்டது.

பிற்பாடு வகுப்பறையை விட்டு வெளியேயும் இறங்கினார்கள்: மலைநடை, சைக்கிள், துடுப்புப் படகு, பறவை பார்த்தல். 2010-இல் பெயரை ரோடு ஸ்காலர் என்று மாற்றினார்கள். 'முதியவர்' என்ற சொல் முதியவர்களுக்கே பிடிக்கவில்லை போலும். எனக்குப் பிடித்தது அவர்களுடைய இன்னொரு வழக்கம். எவ்வளவு தூரம் நடக்கணும், எத்தனை ஏற்றம் என்று ஒவ்வொரு பயணத்தையும் தரம் பிரித்து முன்னாடியே எழுதிவிடுகிறார்கள். எது தன்னால் முடியும் என்று போகிறவர் தீர்மானித்துக்கொள்ளலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் நம்ம ஹாஸ்டல் காலி. வார்டனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "தாராளமா தங்குங்க சார், ஆனா மாடி வேண்டாம், வெஸ்டர்ன் டாய்லெட் கீழேதான் இருக்கு" என்றார். தாவரவியல் பேராசிரியர் ஒருவர் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். வனத்துறை அனுமதிக்கு மனு தயார். ஏற முடிந்தவர்கள் மேலே, முழங்கால் சொன்னபடி கேட்காதவர்கள் கும்பக்கரை அருவி வரை. மதியச் சாப்பாட்டின்போது ஒரு நோட்டோடு வாசலருகே உட்கார்ந்திருப்பேன். பேரும், தினம் எத்தனை கிலோமீட்டர் நடக்கிறீர்கள் என்பதும் மட்டும் எழுதினால் போதும். வயசு எழுத நோட்டில் இடமில்லை.