எலி பேஸ்ட்: தீக்குச்சியில் தடை செய்த விஷம் வீட்டு அலமாரிக்கு வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் எலித் தொல்லை இருக்கிறவங்க கடைசி வரை படிச்சிடுங்க.

பாடாலூர் தெரியுமா? திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு முன்னாடி வரும் ஊர். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி விளையும் பூமி. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பழைய ஓட்டு வீடுகளும் மண் சுவர் வீடுகளும் இன்னும் இருக்கு. அறுவடை முடிஞ்சதும் சோள மூட்டை வீட்டுக்குள்ள வரும். பின்னாடியே எலியும் வரும்.

எலி நேத்து வந்ததில்லை. ஆனா அந்தக் கால வீட்டில் அதுக்கு ஏற்பாடு இருந்தது. தானியம், வாயை மண் பூசி மூடிய குதிருக்குள்ள. மோரும் நெய்யும் உறியில். சுவரில் வளை தெரிஞ்சா கண்ணாடிச் சில்லைத் திணிச்சு மேலே மண் பூசிடுவாங்க. வயலுக்கு மூங்கிலில் செய்த தஞ்சாவூர் கிட்டி. எலி அப்பவும் இருந்தது, ஆனா சோத்துக்கும் அதுக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருந்தது. குதிர் போச்சு, பிளாஸ்டிக் சாக்கு வந்துச்சு. அந்தச் சாக்கு எலிப் பல்லுக்கு ஒரு ராத்திரி தாங்காது. தடுப்பு போன இடத்துக்குத்தான் விஷம் வந்தது.

அந்த விஷத்தோட கதையைச் சொல்றேன்.

19-ஆம் நூற்றாண்டில், எங்கே உரசினாலும் பத்திக்கொள்ளும் தீக்குச்சிகளை வெள்ளை பாஸ்பரஸ் வைத்துச் செய்தார்கள். அந்தப் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. பல்வலியில் ஆரம்பிக்கும், சீழ் வடியும், கடைசியில் தாடையையே வெட்டி எடுக்க வேண்டி வரும். 1888-ல் லண்டன் தீப்பெட்டி ஆலையில் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு இந்தத் தாடை நோய் பெரிய பேச்சானது. 1906-ல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி, வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய ஒப்புக்கொண்டன. இந்தியாவில் 1913-லேயே அதுக்குத் தனிச் சட்டம் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1920-களில்தான். அதாவது, நம்ம ஊர்த் தீப்பெட்டி பிறக்கும் முன்பே அந்த விஷம் சட்டப்படி வெளியேறிவிட்டது. (இன்றைய பெட்டியின் பக்கவாட்டில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். அது வேறு.)

இப்போ எலி பேஸ்ட் டியூபைத் திருப்பிப் படிங்க. ‘மஞ்சள் பாஸ்பரஸ் 3%’ என்று போட்டிருக்கும். மஞ்சள் பாஸ்பரஸ் வேறொண்ணுமில்லை, அதே வெள்ளை பாஸ்பரஸ்தான். தூய்மை குறைந்து, வெளிச்சம் பட்டு மஞ்சளானது. ஆலைத் தொழிலாளி தொடக் கூடாது என்று 1913-ல் தடுத்த பொருள், அதன்பிறகு நூறு வருஷம் தாண்டியும் பெட்டிக்கடையில் பற்பசை மாதிரி டியூபில் தொங்கியது. எனக்கு இதை நினைச்சா இன்னும் ஆறவில்லை.

பற்பசைன்னு நினைச்சு பல் தேய்ச்சவங்க உண்டு. எலிக்குத் தடவி வைத்த தேங்காய்ப் பத்தையை எடுத்துத் தின்ன குழந்தைகள் உண்டு. வீட்டில் ஒரு சண்டை, ஒரு பரீட்சைத் தோல்வி, கோபத்தில் கைக்கு எட்டியது அதுவாக இருந்தவங்களும் உண்டு. அவர்களில் பலர் சாக நினைத்தவர்களே இல்லை.

இந்த விஷத்தின் கொடூரம் அதன் நடு நாட்கள்தான். முதல் நாள் வாந்தி, வயிற்று வலி. அடுத்த ஒன்றிரண்டு நாள் ஆள் நல்லா இருப்பார். இட்லி சாப்பிடுவார், போன் பார்ப்பார். “சரியாயிடுச்சு டாக்டர், வீட்டுக்குப் போறோம்” என்பார்கள். மூணாம் நாள் வாக்கில் கண் மஞ்சளாகும், கல்லீரல் செயலிழக்க ஆரம்பிக்கும். இதுக்கு மாற்று மருந்து கிடையாது. பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை பலரைக் காப்பாற்றுகிறது, சிலருக்குக் கல்லீரல் மாற்றமே தேவைப்படும். அதனால் தயவுசெய்து நடுவில் கையெழுத்துப் போட்டு டிஸ்சார்ஜ் வாங்காதீங்க.

எலியைக் கொல்ல வேறு மருந்து இல்லையா? இருந்தது. 1933-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, பூஞ்சை பிடித்த தீவனம் தின்று ரத்தம் உறையாமல் செத்த மாட்டின் ரத்தத்தோடு ஆய்வகத்துக்கு வந்தார். அங்கே கார்ல் பால் லிங்க் குழு நடத்திய ஆராய்ச்சியில் 1948-ல் வார்ஃபரின் எலி மருந்தாக வந்தது. இதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர்கள் இன்று அளவோடு சாப்பிடுவது அதே வார்ஃபரினைத்தான்! கடையில் கேக் வடிவில் கிடைக்கும் புரோமடியோலோன் இதன் வாரிசு. அதுவும் விஷம்தான், ஆனா வைட்டமின் கே என்ற மாற்று மருந்து இருக்கு. எலிக்கும் இதுதான் சரி. உடனே வேலை செய்யும் விஷத்தைக் கொஞ்சம் கடித்துப் பிழைத்த எலி, மறுபடி அந்தப் பக்கம் வராது. மெதுவாக வேலை செய்யும் மருந்தை அது சந்தேகிக்காது.

2023-ல் தமிழ்நாடு அரசு மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்ட்டைத் தடை செய்தது. ஆனா பழைய டியூப் பரணிலும் ஜன்னல் மாடத்திலும் இன்னும் கிடக்கலாம். இன்னைக்கே தேடுங்க.

சுண்டெலிக்கு ஒரு பென்சில் தடிமன் ஓட்டை போதும். கம்பி வலையைத் திணிச்சு சிமெண்ட் பூசுங்க. தானியத்துக்கு மூடி உள்ள தகர டிரம். பொறியை முதல் ரெண்டு மூணு நாள் விசையை மாட்டாமல் மசால் வடை மட்டும் வைங்க. எலிக்குப் புதுப்பொருள் என்றால் பயம், பழகினதும் மாட்டும். தானிய மூட்டைக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை ஆள் படுக்கும் வீட்டில் வைக்கவே வைக்காதீங்க. அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும்.

யாராவது எலி மருந்து சாப்பிட்டதாகச் சந்தேகம் வந்தாலே 108. உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, பாலும் எண்ணெயும் வேண்டாம். டியூபையோ அட்டையையோ கையோடு கொண்டு வாங்க, எந்த மருந்து என்பதை வைத்துத்தான் எங்க சிகிச்சையே. மனசு தாங்காத நேரத்தில் பேச 14416, கட்டணமில்லை, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.