ஒரு கோவை, இரு கைகள்
ஒரே கணினிக் கோவையை இருவர் ஒருங்கே திருத்துங்கால், பிந்தியவர் முந்தியவரின் உழைப்பை அறியாமலே அழித்துவிடுதல் கூடும். 1982இல் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் உருவான ஆர்.சி.எஸ். முறை கோவைக்குப் பூட்டிட்டது. ஒருவர் எழுத, ஏனையோர் காத்திருந்தனர்.

2005 ஏப்பிரலில், லினக்ஸ் நிரலாளர் கையாண்டுவந்த பிற்கீப்பர் கருவியின் இலவச உரிமை நீக்கப்படவே, லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாள்களிலேயே ‘கிற்’ கருவியை ஆக்கினார். இதிற் பூட்டில்லை, ஒவ்வொருவரிடமும் கோவைகளின் முழு வரலாறும் உண்டு. இரு பிரதிகளை இணைக்கையில், அவை பிரிந்த மூலப் பிரதியையும் கருவி உடன்வைத்து நோக்கும். ஒருவர் மட்டும் மாற்றிய வரியை ஏற்கும். ஒரே வரியை இருவரும் வெவ்வேறாக மாற்றியிருப்பின், இரண்டையும் குறியிட்டுக் காட்டி, தீர்ப்பை மனிதரிடம் விடும். பொறிக்கு இவ்வடக்கம் அழகே. ஆயினும், ஒருவர் ஒரு செயற்கூறின் பெயரை மாற்ற, மற்றவர் வேறிடத்திற் பழைய பெயரையே எழுதினால், முரண் ஏதும் காட்டாது இணைந்த நிரல் பிழைபட்டு நிற்கும்.